விபிஎன் போடுவது சுலபம், எடுப்பதுதான் வேலை

லினக்ஸில் விபிஎன் இணைப்புகளைக் கையாள ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவியைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். வயர்கார்ட், ஓப்பன்விபிஎன் என்ற இரண்டு விபிஎன் நிரல்களின் கான்ஃபிக் ஃபைல்களையும் எடுத்துக்கொள்ளும். அப் (இணைப்பைப் போட), டவுன் (எடுக்க), ஸ்டேட்டஸ் (நிலை பார்க்க) என்று மூன்று கமாண்ட்கள்தான் முக்கியம். இப்படி ஒரு கருவி வைத்திருந்தால் "கனெக்ட் ஆகவில்லை" என்ற புகார்தான் அதிகம் வரும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி வருவது குறைவு. "டிஸ்கனெக்ட் பண்ணிட்டேன், அதுக்கப்புறம் எந்த சைட்டும் திறக்கல, ரீஸ்டார்ட் பண்ணியும் சரியாகல" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. என் நேரத்தில் பெரும்பகுதி டவுன் என்ற ஒரே கமாண்டுக்குத்தான் போகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இணைப்பைப் போடுவது இன்று ரொம்பவே சுலபம். 2020 மார்ச் கடைசியில், இங்கே ஊரடங்கு அறிவித்து ஆஃபீஸ்காரர்கள் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த அதே வாரத்தில், லினக்ஸின் மையமான கர்னலின் 5.6 பதிப்பு வெளிவந்தது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்ட் அதில்தான் முதன்முதலாகக் கர்னலுக்குள் சேர்ந்தது. சுமார் 4,000 வரி கோட். இன்டர்ஃபேஸ் (மெஷினின் நெட்வொர்க் வாசல்) ஒன்றை உருவாக்கு, சாவியைக் கொடு, ஐபி முகவரி கொடு, ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பு) போடு, அவ்வளவுதான். நாலைந்து கமாண்ட்களை வரிசையாக அடித்தால் டனல் (சர்வருக்குப் போகும் சங்கேதப் பாதை) வேலை செய்ய ஆரம்பித்துவிடும். வயர்கார்டோடு வரும் டபிள்யூஜி-குயிக் என்ற பாஷ் ஸ்கிரிப்ட் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் அந்த நாலைந்து கமாண்ட்கள் மெஷினில் எங்கெல்லாம் கை வைக்கின்றன என்று பாருங்கள். புதிதாக ஒரு இன்டர்ஃபேஸ். ரூட்டிங் டேபிளில் சில வரிகள். எந்தப் பாக்கெட் எந்த டேபிளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஐபி ரூல்கள். டிஎன்எஸ், அதாவது சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் ஏற்பாடு. கில் ஸ்விட்ச் (டனல் விழுந்தால் எதையும் வெளியே விடாத பூட்டு) வேண்டுமென்றால் ஃபயர்வாலும். இந்த ஐந்துக்கும் ஆயுள் வேறு வேறு, சொந்தக்காரர்களும் வேறு வேறு. சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

வயர்கார்ட் இன்டர்ஃபேஸை அழித்தால் அதன் வழியாகப் போகும் ரூட்களைக் கர்னல் தானாகவே எடுத்துவிடும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். ஓப்பன்விபிஎன் ப்ராசஸ் செத்தால் அது திறந்திருந்த டன் என்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸும் வழக்கமாகக் கூடவே போய்விடும், ரூட்களும் போய்விடும். ஆனால் விபிஎன் சர்வருக்குப் போக வைஃபை கேட்வே வழியாகத் தனியாக ஒரு ரூட் போட்டிருக்கும் பாருங்கள், அது டன் இன்டர்ஃபேஸைச் சேர்ந்தது இல்லை, அதனால் அங்கேயே கிடக்கும். ஐபி ரூல்களும் அப்படித்தான், இன்டர்ஃபேஸ் போன பிறகும் நிற்கும். கர்னலின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் போட்ட விதிகளும் நிற்கும். சரி, இவை எல்லாமே கர்னலின் நினைவில் இருப்பவை, ரீபூட் செய்தால் போய்விடும். எந்த டிஎன்எஸ் சர்வரை (நேம்சர்வரை) கேட்க வேண்டும் என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் மட்டும் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல். நேரடியாக அதில் எழுதிவிட்டால் ரீபூட்டையும் தாண்டி உயிரோடு இருக்கும்.

"ரீஸ்டார்ட் பண்ணியும் சரியாகல" என்று யாராவது எழுதினால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். போன மாதம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆஃபீஸில் விபிஎன் போட்டபடியே லேப்டாப் மூடியிருக்கிறார், பேட்டரி தீர்ந்து அணைந்திருக்கிறது, வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுத் திறந்தால் எந்தப் பக்கமும் வரவில்லை. 8.8.8.8 என்ற ஐபி முகவரிக்கு பிங் அடித்துப் பார்க்கச் சொன்னேன், பதில் வருகிறது. பெயரைக் கொடுத்து பிங் அடித்தால் வரவில்லை. அப்போதே விஷயம் புரிந்துவிட்டது, இணைப்பு இருக்கிறது, டிஎன்எஸ்தான் இல்லை. ரிசால்வ்.கான்ஃபைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளே ஒரே ஒரு நேம்சர்வர், 10-ல் தொடங்கும் முகவரி. டனலுக்குள் மட்டுமே இருக்கும் சர்வர் அது. டனல் இல்லாதபோது அதை யாரும் எட்ட முடியாது. வேறொரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டுப் போனது அது, என் கருவியின் மேல் பழி வந்தது. யார் எழுதினால் என்ன, உட்கார்ந்து தவிப்பது அந்தப் பயனர்தானே, அதனால் இப்போது என் கருவி ஸ்டேட்டஸ் காட்டும்போது இப்படி எட்ட முடியாத நேம்சர்வர் மட்டும் மிச்சமிருந்தால் அதையும் சொல்கிறது.

இதற்கு எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி ஒன்று உண்டு. விபிஎன் போடும்போது ரிசால்வ்.கான்ஃபை பேக்கப் எடுத்து வை, எடுக்கும்போது பேக்கப்பைத் திரும்பப் போடு. இணையத்தில் கிடைக்கும் பாதி ஸ்கிரிப்ட்கள் இதைத்தான் செய்கின்றன. எனக்கும் இதே யோசனையோடு பேட்ச்கள் (கோட் திருத்தங்கள்) வந்திருக்கின்றன, வாங்கவில்லை. காரணம், காலையில் வீட்டு வைஃபையில் விபிஎன் போடுகிறீர்கள், பேக்கப்பில் இருப்பது வீட்டு ரூட்டரின் முகவரி. மதியம் வேறு இடத்தில், வேறு வைஃபையில் உட்கார்ந்து விபிஎன்னை எடுக்கிறீர்கள். கருவி ரொம்பப் பொறுப்பாகப் பழைய ஃபைலைத் திருப்பிப் போடுகிறது, அந்த வைஃபையில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. பழைய நிலைமைக்குத் திரும்புவது என்றால் பழைய ஃபைலைத் திரும்பப் போடுவது இல்லை. நாம் சேர்த்ததை மட்டும் விலக்கிக்கொண்டு, இப்போதைய நிலைமை என்ன என்று அந்த ஃபைலின் சொந்தக்காரரிடம் (அதை நிர்வகிக்கும் நிரலிடம்) விட்டுவிட வேண்டும். ரிசால்வ்கான்ஃப் என்ற பழைய நிரல் இதை அழகாகச் செய்தது. ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் தன் பங்கைத் தன் பெயரில் பதிவு செய்யும், போகும்போது அந்தப் பெயரைச் சொல்லி நீக்கும், மிச்சம் இருப்பவர்களின் பங்கை வைத்து ஃபைல் புதிதாக எழுதப்படும்.

சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற டிஎன்எஸ் சேவை வந்த பிறகு இன்னும் நல்லது. லினக்ஸ் வகைகளான உபுண்டு, ஃபெடோரா (33-லிருந்து, அதாவது 2020 அக்டோபரிலிருந்து) எல்லாவற்றிலும் அதுதான் இயல்பாக வருகிறது. அதில் டிஎன்எஸ் என்பது இன்டர்ஃபேஸோடு ஒட்டிய விஷயம். டபிள்யூஜி0 என்ற வயர்கார்ட் இன்டர்ஃபேஸுக்கு இந்த நேம்சர்வர் என்று சொல்லிவிட்டால் போதும், அந்த இன்டர்ஃபேஸ் எப்படிச் செத்தாலும் சரி, ரிசால்வ்டு அதை மறந்துவிடும். நான் துடைக்க வேண்டியதே இல்லை. இதைப் பார்த்த பிறகுதான் என் கருவியின் வடிவமே மாறியது. நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், தானாகச் சாகக்கூடிய ஏதாவது ஒன்றோடு கட்டிவிட முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். முடியாததை மட்டும் கையால் துடைக்க எழுதுகிறேன்.

ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிப்பது தனி வேலை. ரிசால்வ்டு இருக்கும் மெஷினில் ரிசால்வ்.கான்ஃப் ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர்), அது சுட்டும் ஃபைலைத் திறந்தால் 127.0.0.53 (அதே மெஷினில் ரிசால்வ்டு காத்திருக்கும் முகவரி) என்று இருக்கும். யாரோ ஒரு ஸ்கிரிப்ட் அந்த சிம்லிங்கை அழித்து அதே பெயரில் சாதாரண ஃபைல் ஒன்றை வைத்துவிட்டால், ரிசால்வ்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் பெயர் தேடும் நிரல்கள் அந்த ஃபைலைப் படித்து நேராக வேறெங்கோ போய்விடும். டெபியன் மினிமல் சர்வரில் இந்தச் சேவை எதுவுமே இல்லாமல் இருக்கலாம். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள டிஹெச்சிபிசிடி இருந்தது, 2023 அக்டோபரில் புக்வோர்ம் பதிப்பு வந்தபோது நெட்வொர்க்மேனேஜருக்கு மாறிவிட்டார்கள், அந்தச் சில வாரங்கள் பை வைத்திருப்பவர்களிடமிருந்து தொடர்ந்து கேள்விகள். நெட்வொர்க்மேனேஜர் இருக்கிற இடத்தில் இப்போது என் கருவி தானாக எதையும் தொடுவதில்லை, கான்ஃபிக்கை அதனிடமே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 2019-ல் வந்த 1.16 பதிப்பிலிருந்தே அதற்கு வயர்கார்ட் தெரியும். உங்களுக்கு டெஸ்க்டாப் மட்டும்தான், ஒரே ஒரு விபிஎன்தான் என்றால் என் கருவியே தேவையில்லை, நெட்வொர்க்மேனேஜரின் கமாண்டான என்எம்சிஎல்ஐ போதும். இதை ரீட்மீ ஃபைலின் முதல் பத்தியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். "ரிசால்வ்.கான்ஃப் மாறிக்கொண்டே இருக்கிறதா, சாட்டர் ப்ளஸ் ஐ போட்டுவிடுங்கள்" என்று ஓர் அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கமாண்ட் ஃபைலைப் பூட்டிவிடும், மெஷினில் முழு அதிகாரம் உள்ள ரூட் யூசரால்கூட எழுதவோ அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. எல்எஸ் அடித்துப் பார்த்தால் அனுமதிகள் எல்லாம் சரியாகவே தெரியும், எல்எஸ்ஆட்டர் அடித்தால்தான் அந்த ஐ கண்ணில் படும். ஆறு மாதம் கழித்து இப்படிப் பூட்டியதே மறந்துபோய், எந்த விபிஎன்னும் சரியாக வரவில்லை என்று நாள் கணக்கில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஞாபகக் குறிப்பு. கருவி தான் செய்ததை எங்காவது எழுதி வைத்தால்தான் பிறகு எடுக்க முடியும். டெர்மினலை மூடினால், கன்ட்ரோல் சி அடித்தால் சிக்னல் வரும், பிடித்துக்கொண்டு துடைத்துவிடலாம். ப்ராசஸை உடனே கொல்லும் கில் -9 அடித்தால் பிடிக்க முடியாது. நினைவகம் தீர்ந்து கர்னலே கொன்றாலும் அதே கதி, பேட்டரி தீர்ந்தாலும் அதே. அதனால் "வெளியேறும்போது துடைப்பேன்" என்ற நம்பிக்கையில் எதையும் கட்டக்கூடாது. அடுத்த முறை ஓடும்போது துடைக்கும்படிதான் கட்ட வேண்டும். கர்னலில் செய்த மாற்றங்களின் குறிப்பை ரன் டைரக்டரியில் வைக்கிறேன். அது நினைவகத்தில் இருப்பது, ரீபூட்டில் கர்னல் மாற்றங்களும் போகும், குறிப்பும் கூடவே போகும். ரிசால்வ்.கான்ஃபைத் தொட நேர்ந்தால் அந்தக் குறிப்பு மட்டும் வார் லிப் டைரக்டரிக்குள், டிஸ்க்கில். மாற்றத்துக்கு எவ்வளவு ஆயுளோ அதைப் பற்றிய குறிப்புக்கும் அவ்வளவு ஆயுள் இருந்தே ஆக வேண்டும். குறிப்பு முன்னாலேயே செத்தால் குப்பை அப்படியே தங்கிவிடும், பின்னாலும் உயிரோடு இருந்தால் இல்லாத ஒன்றைத் துடைக்கப் போய் வேறொருவருடையதில் கை வைத்துவிடும்.

குறிப்பை எழுதுவது முதலில், மாற்றம் அடுத்து. நடுவில் செத்தால் செய்யாத ஒன்று செய்ததாகக் குறிப்பில் இருக்கும். அதனால் நஷ்டம் இல்லை, ஏனென்றால் டவுன் கமாண்டுக்கு "அப்படி ஒன்று இல்லையே" என்பது பிழையே கிடையாது. பாதி போட்ட இணைப்பு, யாரோ கையால் இன்டர்ஃபேஸை அழித்துவிட்ட இணைப்பு, ஏற்கனவே எடுத்த இணைப்பு என்று எதன் மேல் ஓட்டினாலும் அமைதியாக முடிய வேண்டும். அப் கமாண்ட் ஓடும்போதும் முதல் வேலையாக டவுன்தான் ஓடும்.

இதிலெல்லாம் தலைகீழாக நடந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, கில் ஸ்விட்ச். டனல் விழுந்தால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகக்கூடாது என்பதற்காகப் போடுவது அது. கருவி செத்ததும் அதுவும் கூடவே செத்தால் போட்டதற்கே அர்த்தமில்லை. என்எஃப்டேபிள்ஸில், ஒரு டேபிளை உருவாக்கிய ப்ராசஸ் போனால் டேபிளும் போய்விடும்படி செய்கிற வசதி கர்னல் 5.12-லிருந்தே இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் நான் தேடி அலையும் குணம், இங்கே வேண்டாம் என்று ஒதுக்கினேன். பதிலாக விதிகள் எல்லாவற்றையும் தனிப் பெயரில் ஒரே டேபிளுக்குள் வைக்கிறேன், அந்த டேபிளை அழித்தால் மொத்தமும் ஒரே அடியில் போகும், டாக்கர், யூஎஃப்டபிள்யூ மாதிரி வேறு நிரல்கள் போட்ட விதிகளோடு கலக்காது. அப் போட்டால் கில் ஸ்விட்ச் தானாக வராது, தனி கமாண்ட் கொடுத்துத்தான் போட வேண்டும், தனி கமாண்டில்தான் எடுக்க வேண்டும். அது இருக்கும்வரை ஸ்டேட்டஸின் முதல் வரி அதைத்தான் சொல்லும். தானாக வரட்டும் என்று கேட்டவர்கள் நிறைய. ஆனால் தெரிந்தே பூட்டியவருக்குத்தான் நெட் வராதபோது காரணம் தெரியும்.

கில் ஸ்விட்ச் வெறும் பயமா, தேவையா என்று கேட்டால் 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் என்ற தாக்குதலைப் பற்றிப் படியுங்கள், அதன் பாதுகாப்புக் குறை எண் சிவிஇ-2024-3661. நெட்வொர்க்கில் சேரும் மெஷினுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியில் 121-ஆம் ஆப்ஷன் என்று ஒன்று 2002-லிருந்தே தரத்தில் இருக்கிறது, ஐபி முகவரி கொடுக்கும்போதே கூடுதல் ரூட்களையும் கொடுக்கலாம். ஒரு வைஃபையில் டிஹெச்சிபி சர்வர் கெட்டவர் கையில் இருந்தால், விபிஎன் போட்ட ரூட்டைவிடக் குறுகலான (குறைவான முகவரிகளுக்கு மட்டுமான) ரூட்களைத் தள்ளிவிடலாம், கர்னல் குறுகலானதையே எடுக்கும், டனல் இருக்கும்போதே போக்குவரத்து டனலுக்கு வெளியே போகும். டபிள்யூஜி-குயிக் பாணியில் தனி டேபிள் வைத்தாலும், மெயின் டேபிளில் டிஃபால்ட் தவிர்த்த மற்ற ரூட்களுக்கு மதிப்பு கொடுப்பதால் அங்கேயும் இதே கதை. வெளியே போகும் வாசலிலேயே நிற்கும் ஃபயர்வால் விதி இருந்தால் அந்தப் பாக்கெட்கள் அங்கேயே விழும்.

ஸ்டேட்டஸ் கமாண்ட் பற்றிச் சுருக்கமாக. வயர்கார்டில் "இணைந்திருக்கிறது" என்ற நிலையே கிடையாது, ப்ராசஸும் கிடையாது, எல்லாம் கர்னலுக்குள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புது ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் புது சாவி பேசிக்கொள்வது), அதுவும் பேச ஏதாவது இருந்தால்தான். மூன்று நிமிடத்துக்கு மேல் பழைய ஹேண்ட்ஷேக் என்றால் டனல் செத்திருக்கலாம், அல்லது யாரும் எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கலாம். அதனால் பச்சை, சிவப்பு என்று விளக்கு காட்டச் சொல்லிக் கேட்டபோது மறுத்துவிட்டேன். கடைசி ஹேண்ட்ஷேக் எப்போது, இப்போது 1.1.1.1-க்குப் போனால் எந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போகும், பெயர் கேட்டால் எந்த சர்வர் பதில் சொல்லும், இந்த மூன்றையும் மெஷினிடமே கேட்டு அப்படியே காட்டுகிறேன்.

எஸ்எஸ்ஹெச்சில் வேறு மெஷினுக்குள் லாகின் ஆகிறது, பெரிதாக ஏதாவது காட்டச் சொன்னால் உறைந்துவிடுகிறது என்றால் காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. 1500 பைட்டில் டனலுக்கு 80 கழித்து 1420 என்பதுதான் வழக்கமான கணக்கு, ஆனால் பிபிபிஓஇ ஃபைபர் இணைப்பில் தொடக்கமே 1492, சர்வரை ஐபிவி6-ல் எட்டினால் 1420 இடிக்கும். 1280 வைத்துப் பாருங்கள், சரியானால் காரணம் அதுதான். வீட்டு ரூட்டரும் ஆஃபீஸ் நெட்வொர்க்கும் இரண்டுமே 192.168.1-ல் இருந்தால் என் கருவியால் காப்பாற்ற முடியாது, புதிதாக நெட்வொர்க் அமைக்கிறவர்கள் 10-ல் தொடங்கி யாரும் தேர்ந்தெடுக்காத எண்களாகப் பார்த்து எடுங்கள்.

பேட்ச் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஸ்ட்கள் எல்லாம் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் (தனக்கென்று இன்டர்ஃபேஸ், ரூட், ஃபயர்வால் உள்ள தனி அறை மாதிரி) ஓடுகின்றன, உங்கள் மெஷினின் இணைப்பு கெடாது. முதலில் ரூல்கள், எல்லா டேபிள்களின் ரூட்கள், ஃபயர்வால், ரிசால்வ்.கான்ஃப் நான்கையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ளும், பிறகு அப் ஓட்டி, நடுவில் ஏதோ ஒரு படியில் கில் -9 அடிக்கும், டவுன் ஓட்டும், மறுபடி நான்கையும் எழுதி இரண்டையும் ஒப்பிடும். ஒரு வரி வித்தியாசம் இருந்தாலும் பேட்ச் உள்ளே வராது. உபுண்டு 24.04-ல் சாதாரண யூசர் நேம்ஸ்பேஸ்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் சூடோ போட்டு ஓட்டுங்கள்.

பிரச்சினையைப் புகார் செய்கிறவர்கள் தயவுசெய்து கான்ஃபிக் ஃபைலை அப்படியே ஒட்டாதீர்கள், அதில் உங்கள் ப்ரைவேட் கீ இருக்கிறது. ஒட்டியவர்கள் அழித்தால் மட்டும் போதாது, புது சாவி போட வேண்டும். இதற்காகவே ரிப்போர்ட் என்று ஒரு கமாண்ட் வைத்திருக்கிறேன், சாவிகளையும் எண்ட்பாயிண்டையும் (சர்வரின் முகவரி) மறைத்துவிட்டு மேலே சொன்ன நான்கையும் எடுத்துத் தரும்.

அடுத்த பதிப்பில் வரவேண்டியது, ஒரு குறிப்பிட்ட ப்ரோகிராமை மட்டும் விபிஎன்னுக்குள் ஓட்டும் வசதி. வயர்கார்ட் இன்டர்ஃபேஸை வேறு நேம்ஸ்பேஸுக்கு நகர்த்தினாலும், அது பிறந்த நேம்ஸ்பேஸ் வழியாகவே சங்கேதப் பாக்கெட்களை அனுப்பும். ஆக நேம்ஸ்பேஸுக்குள் டனலைத் தவிர வேறு வழியே இருக்காது, டனல்விஷன் மாதிரியான தந்திரம் உள்ளே எட்டாது, உள்ளே ஓடும் ப்ரோகிராமை முடித்து நேம்ஸ்பேஸை அழித்தால் ரூட், ரூல், ஃபயர்வால் மொத்தமும் அதோடு போய்விடும். துடைக்கும் வேலை என்று ஒன்று இல்லாத வடிவம், எனக்கு ரொம்பப் பிடித்தது. தடையாக நிற்பது ஒன்றுதான். ஃபெடோரா போன்றவற்றில் பெயர் தேடுவது என்எஸ்எஸ்-ரிசால்வ் என்ற துணை நிரல் வழியாக நடக்கிறது, அது யுனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினில் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) மூலம் வெளியே இருக்கும் ரிசால்வ்டிடம் போய்க் கேட்கிறது, நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் அந்த சாக்கெட்டைத் தடுக்காது. பாக்கெட் எல்லாம் டனலுக்குள், பெயர்க் கேள்வி மட்டும் வெளியே. நேம்ஸ்பேஸுக்குள் நுழையும்போது மவுண்ட் நேம்ஸ்பேஸும் (எந்த டைரக்டரிகள் தெரியும் என்பதைத் தனியாக்குவது) சேர்த்துப் போட்டு அந்த சாக்கெட் இருக்கும் டைரக்டரியை மறைத்தால் சரியாகிறது. ஃபெடோராவிலும் டெபியனிலும் சோதித்துவிட்டேன், ஆர்ச் வைத்திருப்பவர்கள் யாராவது டெவலப்மென்ட் ப்ராஞ்சை எடுத்து ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் கமாண்டின் வெளியீட்டை அனுப்பினால் பதிப்பை வெளியிட்டுவிடுவேன்.